நான் படிக்காமல் விட்ட நான்கு பைட்

இணையத்தில் என் பெயர் உருப்படியாக ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் ஒரு பட நூலகத்தில். நூலகம் என்றதும் அலமாரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். படக் கோப்புகளைத் திறக்கவும் மாற்றவும் உதவும் நிரல்களின் தொகுப்பை எங்கள் தொழிலில் அப்படிச் சொல்வார்கள். அதில் கர்சர் கோப்புகளைப் படிக்கிற பகுதி நான் எழுதியது. மவுஸை நகர்த்தினால் திரையில் கூடவே நகருமே அந்த அம்பு, அதுதான் கர்சர். அந்தப் பொடிப் படமும் ஒரு கோப்பாகக் கணினிக்குள் கிடக்கிறது. அதைத் திறந்து படமாக எடுத்துக் கொடுக்கும் வேலை. மொத்தம் நூறு வரிகூட இருக்காது. வேலைக்கு விண்ணப்பம் போடும்போதெல்லாம் அதை முதலில் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுவதில்லை.

அதை நான் எழுதியது ஓர் அக்காவுக்காக. அவர் கேட்டதால் எழுதினேன், அவருக்கே வினையாக முடிந்தது. வினையாக முடிந்தது என்று எழுதும்போது ஏதோ தானாக நடந்ததுபோல ஒலிக்கிறது. தானாக எதுவும் நடக்கவில்லை.

அப்போது நான் விருதுநகரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். பருப்புக் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் பில் போடும் புரோகிராம் எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. சிவகாசியில் ஒரு பிரஸ்காரர் எங்களைக் கூப்பிட்டார். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற பிரஸ் அது. தீபாவளி வேலை முடிந்ததும் காலண்டர் அடிப்பார்கள். அவர்களிடம் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டர் பொங்கலோடு உயிரை விட்டுவிட்டது. அதிலிருந்த கட்டிங் புரோகிராமை எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. புதிதாக ஒன்று எழுதித் தர வேண்டும். கம்பெனியில் கல்யாணமாகாதவன் நான் ஒருத்தன்தான் என்பதால் தினமும் பஸ் ஏறிச் சிவகாசி போகிற வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு பெரிய ஷீட்டில் ஐம்பது அறுபது லேபிள்கள் சேர்த்து அடிப்பார்கள். பிறகு அவற்றைத் தனித்தனியாக வெட்ட வேண்டும். ஷீட்டின் படத்தைத் திரையில் வைத்து, வெட்ட வேண்டிய இடத்தில் மவுஸால் குறி வைத்தால், புரோகிராம் அந்த அளவுகளைக் கட்டிங் மெஷினுக்கு அனுப்பும். மெஷின் ஐந்நூறு ஷீட்டை ஒன்றாக அடுக்கி ஒரே இறக்கில் வெட்டும். குறி தப்பினால் ஒன்று தப்பாது, ஐந்நூறும் தப்பும்.

குறி வைத்துக்கொண்டிருந்தவர்தான் அந்த அக்கா. நாற்பதைத் தாண்டியவர். முன்பு ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே நடந்த விபத்தில் இடது கண் போய்விட்டது. ஆலைக்காரரும் பிரஸ் முதலாளியும் உறவு என்பதால், லேபிள் எண்ணிக் கட்டுகிற வேலைக்கு இங்கே சேர்த்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் இருந்த ஆள் திருப்பூருக்குப் போனபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை என்று அக்காவை உட்கார வைத்தார்கள். எட்டு வருஷம் உட்கார்ந்துவிட்டார். பத்தாவது வரை படித்தவர். அந்த எட்டு வருஷத்தில் அவர் கையால் ஒரு லோடுகூடக் கெட்டதில்லை என்று கட்டிங் மெஷின்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். முதலாளி மட்டும், "பாவம்னு வேல போட்டுக் குடுத்தேன்" என்று அவர் காதுபடவே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். எட்டு வருஷம் பிசகாமல் வேலை செய்தாலும் அது பாவம் பார்த்துக் கொடுத்த வேலைதான்.

புதுப் புரோகிராமைப் பற்றி அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, மத்ததெல்லாம் எப்டி வேணும்னாலும் மாத்திக்கோங்க. அந்தக் குறிக மட்டும் பளைய மாதிரியே இருக்கட்டும். அதுலதான் என் கண்ணு பளகியிருக்கு."

பழைய புரோகிராமில் மூன்று கர்சர்கள் இருந்தன. லேபிளைத் தேர்ந்தெடுக்க ஓர் அம்பு, ஷீட்டை நகர்த்த ஒரு கை, வெட்டுக் கோடு வைக்க ஒரு கூட்டல் குறி. கூட்டல் குறி சிவப்பில் தடிமனாக, வெள்ளை விளிம்போடு இருக்கும். பட்டாசு லேபிளில் இல்லாத நிறம் கிடையாது. அத்தனை நிறத்துக்கு மேலேயும் அது பளிச்சென்று தெரியும். ஒற்றைக் கண்ணோடு நாள் பூராவும் திரையைப் பார்க்கிறவர் கேட்பதில் நியாயம் இருந்தது. செத்துப்போன கம்ப்யூட்டரின் டிஸ்க்கிலிருந்து அந்த மூன்று கோப்புகளையும் தோண்டி எடுத்தேன்.

நான் பயன்படுத்திய பட நூலகத்துக்கு அவற்றைத் திறக்கத் தெரியவில்லை. ஐகான் கோப்புகளைத் திறக்கத் தெரிந்தது. ஐகானும் கர்சரும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். கோப்பின் தொடக்கத்தில் ஓர் எண் இருக்கும். ஒன்று என்றால் ஐகான், இரண்டு என்றால் கர்சர். அதற்குப் பிறகு எத்தனை படங்கள், ஒவ்வொன்றும் என்ன அளவு, கோப்பில் எங்கே தொடங்குகிறது என்று ஒரு பட்டியல் வரும். நான் ஐகான் பகுதியைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். முதல் முறை கூட்டல் குறி மேல்பாதியிலும், கீழே ஒரு கருப்புக் கட்டமுமாக வந்து நின்றது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தக் கோப்பில் படத்தின் உயரத்தை இரண்டு மடங்காக எழுதி வைக்கிறார்கள். படத்தோடு, எந்த இடம் ஒளிபுக வேண்டும் என்ற இன்னொரு படமும் சேர்ந்திருப்பதால் அந்த உயரம். பாதியாக்கினேன். கூட்டல் குறி சுத்தமாக வந்தது. பிரஸ்ஸின் ஏசி அறையில் நான் சிரித்ததைப் பார்த்து அக்காவும் சிரித்தார்.

பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் பதினாறு பைட் தகவல் இருக்கும். அதில் நான்கு பைட் ஐகானில் நிறத்தைப் பற்றிச் சொல்லும். கர்சரில் அதே நான்கு பைட், அந்தப் படத்தின் எந்தப் புள்ளி தொடுகிறது என்று சொல்லும். அம்பு என்றால் நுனி தொடும். கூட்டல் குறி என்றால் நடு தொடும். மவுஸை அழுத்தினால் கணக்கில் வருவது அந்த ஒரு புள்ளிதான், மீதி எல்லாம் அலங்காரம். நான் அந்த நான்கு பைட்டைப் படிக்காமல் தாண்டிப் போனேன்.

தெரியாமல் தாண்டவில்லை. நிரலை நூலகத்துக்கு அனுப்பியபோது, அதைச் சரிபார்த்த முகம் தெரியாத ஒருவர், தொடும் புள்ளியை நீங்கள் எடுக்கவில்லையே என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். இது படங்களுக்கான நூலகம், படம் வந்தால் போதும், மற்றது நமக்குத் தேவையில்லை என்று நான் பதில் எழுதினேன். பெரிய மேதாவி. அவர் சரி என்று சேர்த்துக்கொண்டார். என் பெயர் வந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

தொடும் புள்ளி எது என்று சொல்லாவிட்டால், படத்தின் இடது மேல் மூலையே தொடும் புள்ளியாகிவிடும். அம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதன் நுனி இருப்பதே அந்த மூலையில்தான். கூட்டல் குறிக்கு அப்படியல்ல. அக்கா நடுவைக் கோட்டின் மேல் வைத்து அழுத்துவார். புரோகிராமோ மூலையைக் குறித்துக்கொள்ளும். வைத்த கோடுகள் அப்போதைக்கப்போது திரையில் தெரிந்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். முழு ஷீட்டையும் முடித்த பிறகு மொத்தமாக, மெல்லிய சாம்பல் கோடுகளாகத்தான் அவை வரும். அப்படி வைத்ததும் நான்தான்.

பங்குனியில் புரோகிராமை ஓட்டிய முதல் நாளே அக்கா கண்டுபிடித்துவிட்டார். சோதனைக்கு ஒரு ஷீட்டை வெட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"நான் வைக்கிற எடத்துல விள மாட்டேங்குது தம்பி. ஒரு சோத்துப் பருக்க அளவு இடப்பக்கமா மேல தள்ளி விளுது."

நான் என்ன செய்தேன்? என் லேப்டாப்பில் அம்பை வைத்துக்கொண்டு நாலு இடத்தில் அழுத்தினேன். நாலும் அச்சாக விழுந்தது.

"பாருங்கக்கா. சரியாத்தான வருது."

"எனக்கு வரலியே."

"கூட்டல் குறி கொஞ்சம் தடிப்பு. அதான் உங்களுக்கு நடு சரியாத் தெரியல போல. ஒத்தக் கண்ணுல பாக்கும்போது தூரம் கொஞ்சம் முன்னப் பின்னத் தெரியும்க்கா. அறிவியலே அப்படித்தான் சொல்லுது."

அறிவியல் அப்படிச் சொல்வது கையில் இருக்கும் டம்ளருக்கும் எதிரே வரும் பஸ்ஸுக்கும். தட்டையான திரைக்கு அது பொருந்தாது. அதை நான் யோசிக்கவில்லை. கூட்டல் குறியை என் கையால் ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். இரண்டு கண்ணும் உள்ள ஒருத்தர் வந்து சொல்லியிருந்தால் வைத்துப் பார்த்திருப்பேன். அக்கா சொன்னதால் தோன்றவில்லை. காரணம்தான் அவர் முகத்திலேயே இருந்ததே.

பக்கத்தில் நின்றிருந்த சின்ன முதலாளி, அதாவது முதலாளியின் மகன், தலையாட்டினார். "எட்டு வருசமா கண்ணுக்கு வேல குடுத்தா அதும் என்ன பண்ணும்?" என்றார். அக்கா வெட்டின ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து வேலை ஒழுங்காக நடந்தது. எப்படி என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரி என் கண்ணுதான் தம்பி. ஒரு பருக்க தள்ளித் தெரியுது. அதனால நான் வைக்கும்போதே ஒரு பருக்க வலப்பக்கமாக் கீள தள்ளி வச்சிருதேன். இப்பக் கரெக்டா விளுது."

என் தப்பைத் தன் கண்ணின் தப்பாக எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு கணக்கும் கண்டுபிடித்து, கையைப் பழக்கியும் விட்டார். நானோ அவரைப் பாராட்டினேன். "கெட்டிக்காரிக்கா நீங்க" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் நன்றாகவே பேசிக்கொள்வோம். மல்லாங்கிணறில் எங்கள் அப்பா மழையை நம்பிச் சோளம் போட்டுக்கொண்டிருப்பதைச் சொன்னால், "இன்னுமா போடுதாக" என்று ஆச்சரியப்படுவார். அக்காவின் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை. ஒரே மகள், சிவகாசியில் கல்லூரியில் கணிதம் இரண்டாவது வருஷம். கணக்குப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று என்னிடம் அடிக்கடி கேட்பார். நான் ஆசிரியர் வேலை, வங்கி வேலை, எங்கள் வேலை என்று அடுக்குவேன். "அவ என்னத்தையும் படிக்கட்டும். மருந்துப் பக்கம் போகாம இருந்தாச் சரி" என்பார். சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் பட்டாசு மருந்துதான்.

ஆடி மாசம் சீசன் உச்சத்தில் இருந்தது. விடிந்ததும் ஆலை வேன்கள் ஊர் ஊராகப் போய் ஆட்களை அள்ளிக்கொண்டு வரும். பிரஸ்ஸில் மெஷின் நிற்காது. அவசரத்தில் சோதனைக்கு ஒரு ஷீட் வெட்டிப் பார்க்கும் வழக்கத்தைச் சின்ன முதலாளி நிறுத்திவிட்டார். நாலு மாசமாகச் சரியாக வருகிறது, இனி எதற்கு என்றார்.

அந்த நேரத்தில்தான் நூலகத்தின் விவாதப் பக்கத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். கர்சரின் படம் வருகிறது, தொடும் புள்ளி வரவில்லை, இதனால் எங்கள் புரோகிராமில் கிளிக் தள்ளி விழுகிறது என்று. பஸ்ஸில் திருத்தங்கலைத் தாண்டும்போது போனில் அதைப் படித்தேன். தள்ளி விழுகிறது என்ற சொல்லை இரண்டு முறை படித்தேன். அக்கா சொன்ன ஒரு பருக்கை. இடப்பக்கம், மேலே.

பிரஸ்ஸுக்குப் போனதும் கூட்டல் குறியை நானே வைத்துப் பார்த்தேன். தள்ளி விழுந்தது. அக்கா சாப்பிடப் போயிருந்தார்.

அவர் வந்ததும் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அக்கா, தப்பு உங்க கண்ணுல இல்ல, நான் எழுதுனதுல. சொல்லவில்லை. பயம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. சீசன் நேரத்தில் புரோகிராமில் தப்பு என்று தெரிந்தால் முதலாளி எங்கள் கம்பெனியைக் கண்டபடி ஏசுவார் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிது வெட்கம். அறிவியலே சொல்லுது என்று அவரிடம் சொன்ன வாய் இது. நான்கு பைட்டைப் படிக்கும் வரியைச் சேர்த்தேன். நூலகத்துக்கும் அனுப்பினேன், பிரஸ் புரோகிராமிலும் போட்டேன். என்ன மாற்றினேன் என்று எழுத வேண்டிய இடத்தில் சிறு திருத்தங்கள் என்று எழுதினேன். இனிமேல் சரியாக விழப்போகிறது, அதை யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவர் கை ஒரு பருக்கை தள்ளி வைக்கப் பழகியிருப்பது எனக்கு நினைவே வரவில்லை. நம்புவீர்களோ இல்லையோ, வரவில்லை. கோட்டை மட்டும்தான் நினைத்தேன். அந்தக் கோட்டை வைக்கிற ஆளை நினைக்கவில்லை.

இரண்டு நாளில் ஒரு முழு லோடு கெட்டது. கம்பி மத்தாப்புப் பெட்டியின் லேபிள். ஒவ்வொன்றிலும் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரு பருக்கை அளவுக்குப் பக்கத்து லேபிளின் ஓரம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மறு ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டிருந்தது. கட்டுக் கட்டாகத் தரையில் கிடந்ததைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அங்கே இருந்தவர்களில் புரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

பெரிய முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, புரோகிராம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

"பாத்துட்டேன்யா. புரோகிராம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அது பொய் இல்லை. அன்றைக்குப் புரோகிராம் சரியாகத்தான் இருந்தது. அந்த நாலு மாசத்தில் அது சரியாக இருந்ததே கடைசி இரண்டு நாள்தான். அப்படி ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். "ஒங்கண்ணு ஒத்துழைக்கல தாயி. நீ வீட்ல இரு. நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம்."

அக்கா எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்த்தால் நானும் வாயைத் திறந்திருப்பேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் எதிர்க்கவில்லை.

"ஆமா மொதலாளி. எனக்கே தெரியுது. முன்னாடி ஒரு பக்கமாத் தள்ளித் தெரிஞ்சுச்சு. இப்ப அதுக்கு எதிர்ப்பக்கமாத் தள்ளுது. கண்ணு ஆட ஆரம்பிச்சிருச்சு" என்றார்.

போகும்போது என் மேஜைக்கு வந்து நின்றார். "எம்மால ஒங்க வேலைக்குக் கெட்ட பேரு வந்துறப் போவுதுன்னு பயந்துட்டேன் தம்பி. நல்லவேள, மொதலாளி ஒங்களக் கேட்டுக்கிட்டாக" என்றார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீபோர்டில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். என்ன தட்டினேன் என்று திரையைப் பிறகு பார்த்தபோது அர்த்தமே இல்லாமல் இருந்தது.

ஒரு வாரத்தில் புது ஆள் வந்தார். அவர் கூட்டல் குறியின் நடுவைக் கோட்டின் மேல் வைத்தார், கோடு அங்கேயே விழுந்தது. "பாத்தீகளா, கண்ணுதான்" என்றார் சின்ன முதலாளி. தீபாவளி நல்லபடியாக முடிந்தது.

தை மாசம் பத்திரிகை வந்தது. அக்கா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆலங்குளம் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். பிரஸ் ஆட்களோடு நானும் போனேன். இரண்டாவது வருஷம் பாதியில் எதற்கு இவ்வளவு அவசரம் என்று பந்தியில் பக்கத்தில் இருந்த கட்டிங் மெஷின்காரரிடம் கேட்டேன்.

"தாயிக்குக் கண்ணு போகுதுல்ல. இருக்குற கண்ணும் போறதுக்குள்ள மக களுத்துல தாலி ஏறுறதப் பாத்துறணும்னு ஒத்தக் கால்ல நின்னுட்டாக" என்றார்.

இலையில் பாயசம் ஊற்றினார்கள். குடித்தேன். வேண்டாம் என்று எழுந்து போகும் அளவுக்குக்கூட எனக்குத் தைரியம் இல்லை. மேடையில் அக்கா மகளின் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கைகொடுக்கப் போனபோது, "தாலி கட்டும்போது கண்ணு ஆடவே இல்ல தம்பி. நல்லாப் பாத்துட்டேன்" என்றார். அந்தச் சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. அங்கேயே அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். மொய் எழுதிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அதன் பிறகு என்னால் வேலையில் உட்கார முடியவில்லை. எந்தக் கோப்பைத் திறந்தாலும் நான் படிக்காமல் விட்டது எது என்றுதான் கண் தேடியது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது, பிறகு முதலாளியிடமும் போய்ச் சொல்லி அக்காவை மறுபடி வேலைக்குக் கேட்பது என்று தீர்மானம். பஸ்ஸில் வாக்கியங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து வெடிக்குப் பேப்பர்க் குழல் சுற்றிக்கொண்டிருந்தார். அதற்குக் கண் வேண்டாம், விரல் பழகினால் போதும். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்று எழுந்தார். நான் உட்காரச் சொல்லி, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அடுக்கி வைத்த வாக்கியங்களை மறந்துவிட்டு, தலைகீழாகவும் குறுக்காகவும் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டல் குறி, மூலை, நான் சேர்த்த வரி, அதை யாருக்கும் சொல்லாதது.

குழல் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப என் கண்ணுக்கு?"

"ஒண்ணுமே இல்லக்கா. மொதல் நாள் நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"லோடு கெடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"மொதலாளி கேட்டப்ப நீங்க அங்கனதான நின்னீக" என்றார்.

"ஆமாக்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் வலது கண்ணை மூடித் திறந்தார். எதிர்வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த ஒரு காலண்டரைப் பார்த்தார். மறுபடி மூடித் திறந்தார். "தேதியெல்லாம் தெரியுது" என்றார், என்னிடம் இல்லை.

"நான் நாளைக்கே மொதலாளிகிட்டப் போயிச் சொல்லுதேன்க்கா. நீங்க மறுபடி வேலைக்கு வரலாம்."

அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அவ உள்ளதான் இருக்கா, மாமியா வீட்டுலருந்து நேத்துதான் வந்தா. படிப்ப முடிச்சுட்டுப் பண்ணிக்கிடுதேன்னு எம்புட்டோ அளுதா. அம்மாவுக்குக் கண்ணு போகுதுன்னு சொல்லித்தான் ஒத்துக்கிட வச்சேன். இப்பப் போயி கண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா, அவ அங்க எப்டித் தம்பி இருப்பா?"

பதில் சொல்வதற்குள் மகள் டீயோடு வந்துவிட்டாள். புதுத் தாலியின் மஞ்சள் கழுத்தில் ஒட்டியிருந்தது. என்னைப் பிரஸ்ஸில் பார்த்திருக்கிறாள். டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. அம்மா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்குது. நீங்க கூடவே வேல பாத்தீகள்ல. அதோட கண்ணு நெசமாவே அம்புட்டு மோசமா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. விட்ட இடத்திலிருந்து குழலைச் சுற்ற ஆரம்பித்தார்.

"ஆமாம்மா, மோசம்தான்" என்றேன்.